வாப்பா முதலில் வாங்கிய பெட்டி

இதை எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. நான் சாதாரணதரம் வரை படித்தவள். கடைசியாக ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியது பரீட்சை மண்டபத்தில்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிற எனக்கு, முகம் தெரியாதவர்கள் படிக்கப்போவதை எழுதுவது அதைவிடக் கூச்சமாக இருக்கிறது. பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரைப் பற்றி நான் சொல்வதிலும் பிழை இருக்கலாம். அதில் பாதியை நான் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மீதியை அவன் பொறுமையில்லாமல் சொன்னதிலிருந்து ஊகித்துக்கொண்டேன்.

நாங்கள் கற்பிட்டிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் களப்பு, முன்னால் கொஞ்சம் நடந்தால் கடல். இரண்டு பக்கத்திலிருந்தும் உப்புக்காற்று வரும். கதவுப் பிணைச்சல், சைக்கிள், தையல் மெஷின், எதுவானாலும் இரும்பென்றால் நான் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிடுவேன். துடைக்காவிட்டால் ஒரு மழைக்குள் கறள் பிடித்துவிடும். என் கணவர் படகுக்காரர். எஞ்சின் அவர் பொறுப்பு, வீட்டு இரும்பு என் பொறுப்பு என்று சொல்லிச் சிரிப்பார்.

மகனுக்கு அப்போது பதினாறு வயது. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தான். அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அதில் விளையாட வேண்டும். லொறி ஓட்டுகிற ஒரு விளையாட்டு. கூட்டாளி வீட்டில் அவன் விளையாடுவதை அவனுடைய வாப்பாவும், அதாவது என் கணவரும், ஒருநாள் நின்று பார்த்துவிட்டு வந்து, "ஐரோப்பாவுல லொறி ஓட்டுறான் உங்கட மகன். பிரேக் மட்டும் நம்மட பஸ்காரன் மாதிரி" என்றார். சின்னச் செலவில் சாமான்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டலாம் என்று மகன் சொல்லியிருந்தான். இவருக்கு அது நன்றாக விளங்கியது. எங்கள் பக்கத்தில் படகு வாங்குவதும் அப்படித்தான். முதலில் ஃபைபர் உடம்பை வாங்குவார்கள். எஞ்சினை வாடகைக்கு எடுத்து ஓட்டி, பிறகு சொந்தமாக ஒன்றைப் பூட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில், ஒருநாள் புத்தளத்துக்குப் போனவர் கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கேசிங் என்பார்கள். ஒரு பக்கம் கண்ணாடி, முன்னால் மூன்று காற்றாடி. உள்ளே ஒன்றும் இல்லை.

மகன் பள்ளிவாசலிலிருந்து வருவதற்குள், படகு பெட்டரியைத் தூக்கி வந்து அந்தக் காற்றாடி வயர்களை அதில் தொடுத்துவிட்டார். மூன்றும் சுற்றின. சிவப்பும் நீலமும் பச்சையுமாக வெளிச்சம் மாறி மாறி வந்தது. வெறும் பெட்டி, விளக்கெரிந்து காற்று வீசிக்கொண்டு எங்கள் முன்னறையில் நின்றது. இவர் கதிரையை அதன் முன்னால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மகன் வந்து பார்த்தான். குனிந்து உள்ளேயும் பார்த்தான்.

"எப்பிடி இரிக்கி?" என்று இவர் கேட்டார்.

"இத ஏன் வாப்பா முதல்ல வாங்கின? உள்ளுக்குப் போடுறதப் பார்த்துட்டுத்தானே பெட்டி எடுக்கோணும். இது சின்னது. நல்ல கார்ட் ஒண்டும் இதுக்குள்ள போகாது."

"போகாட்டி இடிச்சுப் போடுவம்."

"இது சும்மா காத்தாடிப் பெட்டி, வாப்பா" என்று சொல்லிவிட்டு மகன் அறைக்குள் போய்விட்டான்.

இவர் வயரைக் கழற்றினார். பெட்டரியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அன்று இரவு சாப்பிட்ட பிறகு என்னிடம் சொன்னார்: "அவன் செல்றது சரிதான். எஞ்சினைக் கேக்காம போட் வாங்கின முதல் ஆள் நானாத்தான் இரிப்பன். அடுத்த முறை போகக்குள்ள மாத்திட்டு வாறன். பாவிக்காம கொண்டுவந்தா மாத்தித் தருவன் எண்டு அந்தக் கடைப் பொடியன் செல்லித்தான் தந்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். கோபமே இல்லை. உண்மையைச் சொன்னால் மகனுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

அந்த அடுத்த முறை வரவில்லை. அந்தக் கிழமை முடிவதற்குள், விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மவுத்தாகிவிட்டார்.

நான் இத்தா இருந்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கணவன் இறந்தால் எங்களில் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அலங்காரம் இல்லை, வெளியே போவது இல்லை. அந்நிய ஆண்களோடு தேவைக்குப் பேசலாம் என்றுதான் படித்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் அதைவிடக் கண்டிப்பு. மீன்காரர் வந்தால்கூட நான் உள்ளே இருந்து மகனிடம் சொல்ல, மகன் வெளியே போய்ச் சொல்வான். எனக்கு அது கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் பொய். பேசாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று சில நாள் நினைத்திருக்கிறேன்.

ஆனால் மகனும் பேசாமல் போனான். சாப்பிட்டாயா என்றால் ஓம். போகிறாயா என்றால் இல்லை. வாப்பாவின் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவான். பெட்டி முன்னறை மூலையில் அப்படியே நின்றது. அவன் அதைத் தொடுவதும் இல்லை, நகர்த்த விடுவதும் இல்லை. மதினி, அதாவது என் கணவரின் மூத்த சகோதரி, பாய் விரிக்க இடமில்லை என்று அதை அலுமாரிக்குப் பின்னால் தள்ளியபோது, திரும்ப இழுத்து வந்து அதே இடத்தில் வைத்தான். நான் மற்ற இரும்புகளைத் துடைக்கும்போது அதையும் துடைத்து வந்தேன்.

மூன்றாவது மாதத்தில் என் தம்பி படகு எஞ்சினை விற்றுக் கொடுத்தான். அதில் மகனுடைய பங்கு என்று ஒன்று வந்தது. "இதுல அவனுக்கு அந்தக் கம்ப்யூட்டரை முடிச்சுக் குடுப்பம் ராத்தா" என்றான். மகன் தலையை நிமிர்த்தினான். அவ்வளவுதான். ஆனால் பல நாளாக அவன் தலையை நிமிர்த்தி நான் பார்த்திருக்கவில்லை.

மதினிக்கு அது பிடிக்கவில்லை.

"மவுத்து வீட்டுல கம்ப்யூட்டர் கேமா மச்சி? சனம் என்ன செல்லும்?"

நான் பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

"சரி, வாங்குறதெண்டா வாங்குங்க. படிக்கத்தான் எண்டு செல்லுங்க."

"விளையாடத்தான் மாமி" என்று மகன் அறைக்குள்ளிருந்து சொன்னான். மதினி என்னைப் பார்த்தா. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு பின்னேரமும் என் அறைக்கு வந்து, கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, போனில் சாமான்களைக் காட்டினான். எல்லாவற்றுக்கும் காசு போதாது. எதைக் குறைப்பது, எதில் கை வைக்கக் கூடாது என்பதுதான் பேச்சு.

"இது ப்ராசஸர். இதுதான் மூளை."

"அப்ப இது?"

"ரேம்."

"இது இல்லாம ஓடாதா?"

"ஓடாது உம்மா. ஆனா இப்ப ஒண்டு போட்டுட்டு, பிறகு இன்னொண்டு போடலாம்."

"அப்ப ஒண்டு வாங்கு. மொனிட்டர் என்னத்துக்கு? டிவி சும்மாதானே கிடக்குது. நான் இப்ப பார்க்கிறதும் இல்ல."

அவன் யோசித்தான். "டிவி போதும்" என்றான்.

மின்சாரம் கொடுக்கிற பெட்டி ஒன்று இருந்தது. பவர் சப்ளை. மலிவாக ஒன்று போட்டால் மிச்சக் காசில் நல்ல கிராபிக்ஸ் கார்ட் எடுக்கலாம் என்றான். நான் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினேன். எங்கள் பக்கத்துக் கரண்ட் நினைத்தால் கூடும், நினைத்தால் குறையும். எங்கள் ஃபிரிட்ஜ் ஒன்று அப்படித்தான் எரிந்தது. "அதுல மட்டும் மலிவு பார்க்காத மகன். மத்த எல்லாத்தையும் அதுதானே காப்பாத்தோணும்." அவன் என்னை அதிசயமாகப் பார்த்தான். "அத யார் உங்களுக்குச் செல்லித் தந்த?" என்றான். ஃபிரிட்ஜ் என்றேன்.

கடைசியில் எல்லாம் தேர்வாகிவிட்டது. மிச்சம் கிராபிக்ஸ் கார்ட் ஒன்றுதான். படத்தை ஓட்டுவது அதுதான், விளையாட்டு நன்றாக இருப்பதும் விக்கி விக்கி வருவதும் அதில்தான் இருக்கிறது. புதிது வாங்க முடியாது. புத்தளத்துக் கடையில் பாவித்த கார்ட் ஒன்று நல்ல நிலையில் இருப்பதாகப் பார்த்து வைத்திருந்தான். அதன் படத்தைப் பெரிதாக்கி, திருப்பித் திருப்பிப் பார்ப்பான். பெட்டிக்குள் அது போகுமா என்று மட்டும் என்னிடம் பேசவில்லை. பெட்டியையும் கூடவே எடுத்துப்போய்ப் பார்ப்பது என்று தம்பி முடிவு செய்தான்.

புறப்படும் காலை, பெட்டியைத் துணியில் சுற்றுவதற்காக மகன் திறந்தான். முகர்ந்து பார்த்தான்.

"உம்மா, இதுக்கு எண்ணெய் பூசினீங்களா?"

"கறள் பிடிக்குமே."

"உள்ளுக்குமா?"

"உள்ளுக்கும்தான். வெளியில பூசிட்டு உள்ளுக்கு விட்டா என்ன பிரயோசனம்?"

தம்பி வாசலில் நின்று, "இனி கருவேப்பிலையும் போட்டா தாளிச்செடுக்கலாம்" என்றான். மகனின் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

நான் போக முடியாது என்பதால் கடைக்குப் போனதும் வீடியோ கோல் எடுப்பதாக ஏற்பாடு. போனை மகன் சட்டைப் பையில் பாதி வெளியே தெரியும்படி வைத்திருந்தான். எனக்குக் கடையின் கூரையும், ஒரு டியூப் லைட்டும், அவ்வப்போது தம்பியின் தாடையும்தான் தெரிந்தது. சத்தம் எல்லாம் கேட்டது. என் சத்தம் அங்கே கேட்கக் கூடாது என்று நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டிருந்தேன். தஸ்பீஹ் மணி உருட்டினால் சத்தம் போகும் என்று அதையும் கீழே வைத்துவிட்டேன்.

கடைப் பொடியன் துணியை அவிழ்த்தவுடன், "அட, இந்தப் பெட்டி! நான்தானே இத பஸ்ஸுல ஏத்தி விட்டன். கண்ணாடி உடையும் எண்டு மடியில வெச்சிட்டுப் போனவரு. எங்க, வாப்பா வரல்லையா?" என்றான்.

தம்பிதான் சொன்னான். "மவுத்தாகிட்டாரு, தம்பி."

"இன்னாலில்லாஹி..." என்று முழுவதும் ஓதினான் அந்தப் பிள்ளை. பிறகு ஏதோ வேலை செய்வதுபோல ஸ்குரூக்களைக் கழற்றத் தொடங்கினான். "என்ன இது, எண்ணெய் வழுக்குது?"

இன்னொரு ஆள் சிரிப்பது கேட்டது. "மச்சாங், தேங்காயெண்ணெய் மணக்குதுடா. கம்ப்யூட்டருக்குத் தலை சீவப் போறாங்களோ?"

"எங்கட உம்மா பூசின" என்றான் மகன். உரத்த குரல். சிரிப்பு நின்றது.

பிறகு கார்டை வைத்துப் பார்த்தார்கள். போகவில்லை. ஒரு விரல் அளவுதான் குறை என்றான் கடைப் பொடியன். முன்பக்கத்தில் ஒரு இரும்புச் சட்டம் தடுக்கிறது, அதை வெட்டினால் கண்ணாடி நிற்காது. "இதுக்குப் போறதெண்டா இந்தச் சின்ன கார்ட்தான். விளையாட ஏலும், ஆனா லொறி கொஞ்சம் முக்கும். இல்லாட்டி இந்தப் பெட்டிய விட்டுட்டு அந்தப் பெரிய கறுப்புப் பெட்டிய எடுங்க. ஒரே கணக்குத்தான், மேல ஒண்டும் தரத் தேவையில்ல. அதுல லைட் இல்ல, அவ்வளவுதான்."

"சின்னதத் தாங்க" என்றான் மகன்.

"டேய், யோசிச்சுச் செல்லு" என்றான் தம்பி. "கிழமைக் கணக்கா அந்தக் கார்டத்தானே பார்த்துட்டு இருந்தாய்."

"சின்னது போதும் மாமா."

"ஏன்டா?"

"இந்தப் பெட்டி நல்ல பெட்டி. இதுக்குப் போறதத் தாங்க."

டியூப் லைட் ஆடியது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், அதனால் போன் ஆடியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காத்தாடிப் பெட்டி என்று அவன் சொன்னது, இவர் வயரைக் கழற்றிக்கொண்டு வெளியே போனது, அதோடு அவனுக்கு எல்லாம் நின்றுபோயிருக்கிறது. இரவு இவர் சிரித்ததை அவன் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று நான் நினைத்திருந்தேனா, நினைக்கவே இல்லையா என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அவன் அந்தப் பெட்டியை நல்ல பெட்டியாக்கப் பார்க்கிறான். அதற்காக எந்தச் சின்னக் கார்டையும் எடுப்பான். எடுத்துவிட்டு, விளையாடும் ஒவ்வொரு நாளும் அதை நினைப்பான்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் கடைப் பொடியன் சின்னக் கார்டின் உறையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"மகன்" என்றேன்.

கடை முழுவதும் கேட்டிருக்க வேண்டும். யாரோ ஃபேனை நிறுத்தினார்கள்.

"மகன், வாப்பா அந்தப் பெட்டிய மாத்தத்தான் இருந்தாங்க. அண்டைக்கு ராவே எனக்குச் செல்லின. நீ செல்றது சரி எண்டு செல்லின."

முகம் தெரியாத ஆண்கள் நாலைந்து பேர் நின்ற இடத்தில் என் குரல் அப்படிப் போனதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. அப்போது கூச்சம் வரவில்லை. பிறகுதான் வந்தது.

படம் கலங்கியது. வானம் தெரிந்தது, பிறகு மின்கம்பம். பஸ் ஹோர்ன் கேட்டது. மகன் வெளியே வந்துவிட்டான். போனைக் காதில் வைத்திருந்ததால் எனக்கு அவன் காது மட்டும் தெரிந்தது.

"எப்ப செல்லின?"

"சாப்பிட்டுட்டு இருந்து கதைக்கக்குள்ள. நீ படுத்துட்டாய்."

"கோவமா இருந்தாங்களா?"

"இல்ல. சிரிச்சாங்க."

"சும்மா செல்லாதீங்க உம்மா."

"அல்லாஹ் மேல ஆணையாச் செல்லுறன். எஞ்சினைக் கேக்காம போட் வாங்கின முதல் ஆள் நானாத்தான் இரிப்பன் எண்டு செல்லிச் சிரிச்சாங்க."

வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. காதுக்குப் பக்கத்தில் அவன் கன்னம் நனைந்திருந்தது. தெருவில் நின்று அழுகிற பிள்ளையை உள்ளே போ என்று சொல்வதா, நில் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் போனை வைக்காமல் இருந்தேன்.

"நான் வேணுமெண்டு செல்லல்ல உம்மா" என்றான் கடைசியில்.

"அது வாப்பாக்குத் தெரியும்."

கோல் அறுந்தது. அவன் அறுத்தானா, லைன் போனதா தெரியாது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து இறங்கினார்கள். தம்பி தூக்கி வந்தது பெரிய கறுப்புப் பெட்டி. விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை, ஒரு அலங்காரமும் இல்லை. நல்ல பாரம். "அந்தப் பொடியன் பழையத எடுத்துக்கிட்டான்" என்றான் தம்பி. "எண்ணெய் பட்டத கொம்பனிக்காரன் எடுக்கமாட்டானாம். பரவாயில்ல, தான் துடைச்சு எடுக்கிறன் எண்டுட்டான். உங்களுக்கு ஸலாம் செல்லச் சொன்னான் ராத்தா." பிறகு குரலைத் தணித்து, "கார்ட் பெரிசுதான் எடுத்த" என்றான்.

பழைய பெட்டி நின்ற மூலையில் சீமெந்துத் தரை சதுரமாக, மற்ற இடத்தைவிட வெளிறிப்போய் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இவர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்ததும் அதற்கு முன்னால்தான். பெட்டி இங்கேயே இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அதை மகனிடம் நான் சொல்லவில்லை. மாற்றும்படி பேசியவள் நானே.

மகனும் தம்பியும் தரையில் உட்கார்ந்து சாமான்களைப் பூட்டினார்கள். தம்பிக்கு அதில் ஒன்றும் தெரியாது, ஸ்குரூ எடுத்துக் கொடுத்தான். "இது எத்தன குதிரை வலு?" என்று கேட்டான். "மாமா, பேசாம இரிங்க" என்றான் மகன். "இல்ல, மீனுக்குப் போகலாமா எண்டு பார்த்தன்." மகன் தலையைக் குனிந்துகொண்டே சிரித்தான். இந்தத் தடவை சிரிப்புத்தான், சத்தம் கேட்டது.

பொழுதுபடும் நேரம், மஃரிபுக்கு முன்னால் மதினி வந்தா. செய்தி அவவுக்கு முன்பே போயிருந்தது. தம்பியின் வாய் அப்படி.

"கடையில ஆம்பிளைங்களுக்கு முன்னால உங்கட சத்தம் கேட்டதாமே மச்சி?"

"ஓம்" என்றேன்.

"என்ன அவ்வளவு அவசரம்?"

மகன்தான், ஸ்குரூவைத் திருகிக்கொண்டே சொன்னான். "வாப்பாட கதை ஒண்டு செல்லின மாமி." வாப்பா என்ற சொல்லை அவன் வாயால் நான் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. மதினி அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தா. நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். குசினியிலிருந்து திரும்பி வரும்போது எண்ணெய்த் துணியும் என் கையில் இருந்தது. பழக்கம். மகன் அதைப் பார்த்துவிட்டான்.

"வெளியில மட்டும் உம்மா" என்றான்.

வெளியில் மட்டும் துடைத்தேன்.

மறுநாள் காலையில் கரண்ட் இல்லை. பின்னேரம் வந்தது. கம்ப்யூட்டர் வேலை செய்தது.